படுக்கையறை டிவிக்கு மிச்சம்தான் கிடைக்குமா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று திட்டாதே. இங்கே பேத்திக்குப் பரீட்சை. வீட்டில் எல்லாரும் அவளோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்தோம். நேற்றுதான் முடிந்தது. அவள் எப்படி எழுதினாளோ தெரியாது, எனக்கு ஒளிச்சேர்க்கை இப்போது மனப்பாடம்.

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இன்னும் சில வாரத்துக்குப் படுக்கையறையே கதி என்று எழுதியிருக்கிறாய். அதில் ஒன்று கவனித்தேன். முழங்காலுக்கு அரைப் பக்கம், அந்த ரூமில் இருக்கிற டிவிக்கு இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். வலி எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஹாலில் பளிச்சென்று தெரிகிற அதே சேனல் உன் ரூமில் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கிறது, திடீர் திடீரென்று கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது, பையன் புது டிவி வாங்கித் தருகிறேன் என்கிறான், வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், கொஞ்சம் பொறு. போன வருஷம் இதே கூத்தை ஆடி முடித்தவன் நான்.

இரண்டாவது டிவி வீட்டில் இரண்டாவது பிள்ளை மாதிரி. அண்ணன் போட்டுக் கழித்த சட்டைதான் அதற்கு. நல்ல பெட்டியும் நல்ல ஒயரும் ஹாலுக்குப் போய்விடும். படுக்கையறைக்கு வருவது ஹாலில் கழற்றிப் போட்ட பழைய செட்டாப் பாக்ஸ், மிச்சம் கிடந்த ஒயர், பிரித்துக் கொடுத்த சிக்னல், எங்கே இடம் இருந்ததோ அந்த மூலை. புது டிவியை மாட்டினாலும் அதுவும் இதே மிச்சத்தைத்தான் தின்னப் போகிறது. பெரிய திரை என்றால் அழுக்கு இன்னும் பெரிதாகத் தெரியும்.

அதனால் முதலில் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார். நீ பார்க்காதே, பையனைப் பார்க்கச் சொல். செட்டாப் பாக்ஸிலிருந்து வருகிற ஒயரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் இருக்கிறதா? இருந்தால் பாதி விஷயம் அங்கேயே முடிந்தது. சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. படம் முழுக்க அந்த ஒற்றை மஞ்சள் பின்னில் வருகிறது. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வந்து, டிவிக்குள் போய்த் திரும்பப் பிரிய வேண்டும். முழுசாகப் பிரியாது. அதனால்தான் சிவப்புச் சட்டையின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிகள் ஓடும். டிவி படம் என்பது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வரிகள். அதிகம் போனால் 576 வரிதான் அந்த வழியில் வரும், 1080 வரிக்கு அதில் இடமே கிடையாது. பெட்டியில் எச்டிஎம்ஐ துளை (படமும் சத்தமும் ஒரே ஒயரில் டிஜிட்டலாகப் போகிற துளை) இருந்தால் ஒரு எச்டிஎம்ஐ ஒயரைப் போடச் சொல். போட்ட பிறகு பெட்டியின் செட்டிங்கிலும் போய் 1080 என்று மாற்ற வேண்டும். பல பெட்டிகள் பழைய நினைப்பிலேயே 576-ஐ அனுப்பிக்கொண்டிருக்கும். அப்புறம் சேனல் எண்ணையும் பார். ஒரே சேனல் எஸ்டி என்கிற சாதாரணத் தரத்தில் ஒரு எண்ணிலும் எச்டி என்கிற உயர்ந்த தரத்தில் வேறொரு எண்ணிலும் வருவதுண்டு. பழக்கதோஷத்தில் பழைய எண்ணையே அமுக்கிக்கொண்டிருப்போம். நான் எட்டு மாதம் அமுக்கினேன், சிரிக்காதே.

கட்டம் கட்டமாக உடைகிறது என்றாயே, அது வேறு கதை. அது ஒயர் கதை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உங்கள் வீட்டு மாடியில் நீ ஆன்டெனாவைத் திருப்புவாய், நான் ஜன்னலில் நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்துவேன். அப்போதெல்லாம் சிக்னல் குறையக் குறையப் படம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். முதலில் புள்ளி விழும், அப்புறம் முழுக்கப் பனி. ஆனாலும் மேட்ச் பார்த்துவிடுவோம். டிஜிட்டலில் அந்தத் தயவு இல்லை. ஒரு அளவு வரைக்கும் படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், அந்த அளவுக்கு ஒரு நூல் கீழே போனால் உடைந்து நொறுங்கும். மங்கலாக இருப்பதற்கு ஒரு காரணம், உடைவதற்கு வேறொரு காரணம் என்று நான் பிரித்துச் சொல்வது இதனால்தான். சிக்னல் குறைந்தால் உடையும், மங்காது. மங்கலுக்குக் காரணம் பெட்டியும் பின்னும் செட்டிங்கும்.

எங்கள் வீட்டில் உடைந்ததற்கு நான் முதலில் செய்த வைத்தியம் பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெரிதாக்குகிற கருவி. வாங்கி வந்து படுக்கையறை டிவிக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். முன்னை விட மோசமானது. அப்புறம்தான் உறைத்தது. ஒயரில் இவ்வளவு தூரம் வந்து தேய்ந்துபோன சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்திருக்கிறது. பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். குசுகுசுப் பேச்சுக்கு மைக் வைத்தால் குசுகுசுதானே பெரிதாகக் கேட்கும்? பூஸ்டர் போடுவதாக இருந்தால் சிக்னல் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில், பிரிப்பதற்கு முன்னால் போட வேண்டும். அதுவும் நிஜமாகவே தேவை என்றால்தான்.

சரி, ஒயரைத் தேடிப் போவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறினேன். வாயில் டார்ச், கையில் ஸ்க்ரூ டிரைவர், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரம்மா, "இந்த வயசில் இது தேவையா" என்ற கேள்வி நிமிஷத்துக்கு ஒரு தரம். ஒயர் போட வந்த பையன் அங்கே சிக்னலை மூன்றாகப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். தூசியை ஊதிவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு எண். ஒன்றில் 3.5, மற்ற இரண்டிலும் 7. டெசிபல் கணக்கு அது. அந்தத் துளை வழியாகப் போகும்போது எவ்வளவு குறையும் என்பது. 3.5 என்றால் வந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். 7 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஹால் ஒயர் எதில் இருந்தது, படுக்கையறை ஒயர் எதில் இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா? மூன்றாவது துளை காலி. யாருக்கும் இல்லாத ஒரு பங்கை அது பாட்டுக்கு விழுங்கிக்கொண்டிருந்தது.

இதோடு போகவில்லை. படுக்கையறை ஒயரின் பின்னை லேசாகத் திருகினேன், கையோடு வந்துவிட்டது. இறுக்கிப் பிடித்த பின் இல்லை, கையால் சும்மா திருகிச் சொருகினது. உள்ளே நடுக் கம்பியைச் சுற்றியிருக்கிற வலைக்கம்பியில் தலைமுடி மாதிரி ஒரு இழை வளைந்து வந்து நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு முடிதான் இத்தனை நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது! நுனியை வெட்டி, வலையை நன்றாகப் பின்னுக்கு மடித்து, நடுக் கம்பி 2, 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டுகிற மாதிரி புதுப் பின் அழுத்திப் போட்டேன். ஸ்பிளிட்டரை இரண்டு வழியாக மாற்றினேன். பூஸ்டரைக் கழற்றி அலமாரியில் போட்டேன். அன்று ராத்திரியிலிருந்து ஒரு கட்டம்கூட உடையவில்லை. உன் வீட்டு ஒயர் மெல்லிசான பழைய ஆர்ஜி-59 வகை என்றால், தூரம் அதிகமாக இருக்கும் பட்சத்தில் ஆர்ஜி-6 மாற்றுவதும் நல்லது. அதில் தேய்மானம் குறைவு.

உன்னுடையது டிஷ்ஷா, கேபிளா என்று நீ எழுதவில்லை. மேலே சொன்ன ஸ்பிளிட்டர் கதை கேபிளுக்கு. டிஷ் என்றால் இந்த ஸ்பிளிட்டர் வேலையே கூடாது. டிஷ் முனையில் அலையை வாங்குகிற எல்என்பி என்கிற கருவிக்கு, எந்த வகை அலையை எடுக்க வேண்டும் என்று செட்டாப் பாக்ஸ்தான் ஒயர் வழியாகவே 13 வோல்ட், 18 வோல்ட் என்று மாற்றி மாற்றிக் கட்டளை கொடுக்கிறது. ஒரே ஒயரைப் பிரித்து இரண்டு பெட்டிக்குக் கொடுத்தால், ஒன்று 13 கேட்கும், இன்னொன்று 18 கேட்கும். ஹாலில் ஒரு சேனல் வைத்தால் உன் ரூமில் பாதிச் சேனல்கள் காணாமல் போவது அதனால்தான். இரண்டு முனை உள்ள எல்என்பி போட்டு, தனித்தனி ஒயர் இழுப்பதுதான் வழி.

ஹால் பெட்டியிலிருந்தே எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் வைத்து ரூமுக்கும் எடுக்கலாமே என்று உன் பையன் சொல்வான். நானும் செய்து பார்த்தேன். அதில் வேடிக்கை என்னவென்றால், என்ன அளவில் படம் அனுப்பலாம் என்று அந்த ஸ்பிளிட்டர் இரண்டு டிவியையும் விசாரிக்கும். ஹால் டிவி 1080-ஐ விட நுணுக்கமான 4கே, ரூம் டிவி 1080 என்றால், இரண்டுக்கும் ஒத்துவருகிற 1080-ஐயே பல ஸ்பிளிட்டர்கள் இரண்டுக்கும் அனுப்பிவிடும். தம்பிக்கு நல்ல சட்டை கேட்கப்போய் அண்ணன் சட்டையும் கிழிந்தது. போதாக்குறைக்கு இரண்டிலும் ஒரே சேனல்தான் ஓடும். ஹாலில் சீரியல் வைத்தால் உனக்கும் சீரியல்தான். எங்கள் வீட்டில் அது இரண்டு நாளைக்கு மேல் தாங்கவில்லை. ஒயரும் பத்து மீட்டரைத் தாண்டினால் சாதாரண எச்டிஎம்ஐ தகராறு பண்ண ஆரம்பிக்கும்.

நெட்டில் பார்ப்பதாக இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. நெட் வேகம் 1080 படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. வீட்டு இணைப்பில் அதெல்லாம் தாராளமாக வருகிறது. படுக்கையறைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும், வேகம் குறைவு, பக்கத்து வீட்டு வைஃபைகளோடு முட்டிக்கொள்ளும். முடிந்தால் வைஃபை பெட்டியிலிருந்து டிவிக்கு நேராக ஒரு லேன் ஒயர் இழுத்துவிடு. டிவியில் இருக்கிற லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், ஆனாலும் 15 கேட்கிற படத்துக்கு அது போதாதா?

இனி அந்த மெழுகு முகம். ரிமோட்டில் பிக்சர் மோடைப் பார். 'விவிட்' என்று இருக்கும். வரிசையாகப் பத்து டிவி வைத்த இடத்தில் தன் பக்கம் கண்ணை இழுக்கச் செய்த ஏற்பாடு அது. இருட்டு ரூமில் படுத்துப் பார்ப்பதற்கு இல்லை. 'சினிமா' அல்லது 'மூவி' என்று மாற்று. முதல் நாள் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். மூன்று நாள் பொறுத்துக்கொண்டு பழைய மோடுக்குத் திரும்பிப் பார், அதுதான் நீலம் பூத்த பிணம் மாதிரி தெரியும். ஷார்ப்னஸைக் குறை. கூட்டினால் தெளிவு வரும் என்று பேர்தான், உண்மையில் ஓரங்களில் ஒரு வெள்ளைக் கோடு வரைகிறது, அவ்வளவே. அடியில் ஓடுகிற செய்தி எழுத்தைப் பார்த்துக்கொண்டே குறைத்து வா, எழுத்தைச் சுற்றின வெள்ளை வளையம் எங்கே மறைகிறதோ அங்கே நிறுத்து. அப்புறம் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒன்று இருக்கும். மெழுகு பூசுவது பாதி அதுதான். அணைத்துவிடு. ராத்திரியில் கண் கூசினால் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கைக் குறைக்க வேண்டும், பிரைட்னஸை இல்லை. பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பு என்கிற கணக்கு. அதைக் குறைத்தால் இருட்டுக் காட்சியில் ஆளே தெரியமாட்டார்கள்.

இன்னொன்று, நீ படுத்துக்கொண்டு பார்க்கிறாய். டிவியோ ஆள் நின்று பார்க்கிற உயரத்தில் சுவரில் இருக்கிறது. சில பேனல்கள் நேரே பார்த்தால் நல்ல கறுப்பு காட்டும், கீழேயிருந்தோ பக்கவாட்டிலோ பார்த்தால் சாயம் போன துணி மாதிரி வெளுத்துவிடும். விஏ என்கிற வகை அப்படி. ஐபிஎஸ் வகை கோணத்தைத் தாங்கும், ஆனால் விளக்கை அணைத்தால் அதன் கறுப்பு சாம்பலாகத் தெரியும். உன்னுடையது எது என்று ஆராய வேண்டாம். பையனை விட்டு டிவியின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கச் சொல். திரை உன் முகத்தைப் பார்க்க வேண்டும், எதிர்ச் சுவரை இல்லை.

இத்தனைக்கும் பிறகு புது டிவிதான் என்று பையன் ஒற்றைக்காலில் நின்றால், 4கேவுக்காக வாங்காதே. கட்டிலிலிருந்து டிவி இரண்டரை மீட்டர் என்று எழுதியிருந்தாய். 32 அங்குலத் திரையில் 1080 படத்தின் முழு நுணுக்கத்தையும் பிடிக்க, நல்ல கண்ணுக்கே சுமார் 1.3 மீட்டர் கிட்டே போக வேண்டும். 43 அங்குலம் என்றால் 1.7 மீட்டர். இரண்டரை மீட்டரில் 1080-இன் நுணுக்கமே முழுசாகத் தெரியாது, 4கே எதற்கு? நம் கண்ணுக்கு என்ன என்பதை நீயே போட்டுக்கொள்.

என் கண்ணாடி பவர் மறுபடி கூடிவிட்டது, அது தனிக் கதை, அடுத்த கடிதத்தில். நீ அந்த வாக்கரை வைத்துக்கொண்டு ஏணி, பரண் என்று கிளம்பிவிடாதே. பையனை மேலே ஏற்றிவிட்டு எனக்குப் போன் போடு. அவன் ஒயரைத் திருகட்டும், நீ படுத்தபடியே "வருது, வருது" என்று கத்து. உன் முறை.

என்றும் உன்,
பெஞ்ச் தோழன்

பி.கு: செட்டிங் மாற்றும்போது எந்த எச்டிஎம்ஐ துளையில் இருக்கிறாய் என்று பார்த்து மாற்று. பல டிவிகளில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி செட்டிங். நான் காலித் துளைக்குப் பார்த்துப் பார்த்து நிறம் சரிசெய்துவிட்டு, ஏன் மாறவில்லை என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.