கறள் பிடித்த பின்சில்லு

மாங்குளம்

அன்பு மகளுக்கு,

பின்சில்லு கழலவே மாட்டேன் என்கிறது, கராஜுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு, நீயே கழற்றலாம். பனிக்காலத்தில் ரொறன்ரோ வீதிகளில் கொட்டுகிற உப்பு, அலுமினிய றிம்மும் அது பொருந்துகிற இரும்பு ஹப்பும் தொடும் இடத்தை அரித்து இரண்டையும் ஒட்டவைத்திருக்கும். ஜக்கில் நிற்கிற காரின் சில்லைக் காலால் உதைக்காதே. கார் சரிந்தால் உன் மேல்தான் விழும். நட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, காரை நிலத்தில் இறக்கி, வாசலிலேயே ஓரிரு அடி முன்னும் பின்னும் மெல்ல ஓட்டிச் சட்டென்று பிரேக் பிடி. காரின் எடையே பிடியை விடுவித்துவிடும். "டக்" என்று கேட்டதும் நிறுத்து.

சில்லுக்கு உள்ளே இருக்கிற பிரேக் டிரம்மைக் கழற்றவும் வலிமை தேவையில்லை. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, கைபிரேக்கை விட்டுவிடு. டிரம்மின் முகத்தில் புரி வெட்டிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. யப்பான் கார்களில் பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் பொருந்தும். இரண்டு போல்ட்டுகளையும் முட்டும்வரை கையால் ஏற்று. பிறகு இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று இறுக்கினால், அவை ஹப்பில் முட்டி டிரம்மை வெளியே தள்ளும். ஒன்றையே இறுக்கினால் டிரம் சாய்ந்து இன்னும் இறுகும். இடையிடையே ஹப்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டு. பாதி வந்து நின்றால், உள்ளிருந்து டிரம்மை அழுத்திப் பிரேக் பிடிக்கிற ஷூக்கள் அதன் உள்விளிம்பில் மாட்டியிருக்கின்றன என்று அர்த்தம். டிரம்முக்குப் பின்னால் உள்ள தட்டின் ரப்பர் அடைப்பை எடுத்துவிட்டு, ஷூக்களை விரித்துவைக்கிற அஜஸ்டரைத் தளர்த்து.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உனக்கு ஞாபகம் இருக்காது. ஒரு போல்ட் முறிந்தால் மாற்றுப் போல்ட் எளிதில் வவுனியாவைத் தாண்டி வராது. அதனால் வன்னி மெக்கானிக்குகள் பலத்தைக் கடைசியில்தான் கையில் எடுத்தார்கள். இறுகிப்போன போல்ட்டின் புரியை முதல்நாள் மாலையே கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் விட்டு, தலையில் நாலு தட்டுத் தட்டி இரவு முழுக்க ஊறவிடுவோம். காலையில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பிய பிறகே தளர்த்துவோம். கறள் நொறுநொறுவென்று உடைவது ஸ்பானரைப் பிடித்த கைக்குத் தெரியும். தளர்ந்துவிட்டதே என்று ஒரேயடியாகச் சுழற்றாதே. கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மீண்டும் எண்ணெய் விடு. ஆறு முனைச் சொக்கெற்றையே போடு. பன்னிரண்டு முனையுள்ளது தலையின் மூலைகளை வழித்துவிடும். எண்ணெய் ஒரு துளிகூட ஷூவில் படக்கூடாது.

இந்த வேலைக்கு நெருப்பு வேண்டாம். பிரேக் குழாய், ரப்பர், பெற்றோல் தாங்கி எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் சூடுபட்டால் நச்சு வாயு வரும்.

பூட்டும்போது ஹப்பின் முகத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கி, செப்புக் கிறீஸை மெல்லியதாகப் பூசு. சில்லு போல்ட்டுகளின் புரியில் பூசாதே.

டிரம் கையில் வந்ததும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதே, ஈரத்துணியால் துடை. ஷூக்களைத் தள்ளுகிற சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார். ஈரமாக இருந்தால் சிலிண்டர் ஒழுகுகிறது, ஷூவை மட்டும் மாற்றிப் பயனில்லை. படம் எடுத்து அனுப்பு. அங்கே இரவாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே பகல்தானே.

அன்புடன்,
அப்பா