விஞ்ஞானம் படிக்க ஐந்தரை மணி பஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக்கு இலவசக் கல்வி வந்தது 1945இல். எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ எழுபதுகளில்தான். அந்தத் தாமதத்தை எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் நடந்தே கழிக்கிறார்கள்.

என் மகள் பதினோராம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ‘ஏ’ எடுத்தவள். இங்குள்ள பாடசாலையில் அதற்கு அடுத்த உயர்தர வகுப்புக்குக் கலைப்பிரிவு மட்டுமே. விஞ்ஞானம் படிக்க ஹட்டன் நகருக்குப் போகிறாள். நாங்கள் இருக்கும் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வீதிக்கு நாற்பது நிமிட நடை. காலை ஐந்தரை மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. முதல் பாடம் போய்விடும். மழைக்காலத்தில் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு செருப்போடு இறங்குகிறாள். காலில் ஏறும் அட்டைக்கென்று சவர்க்காரத் துண்டு ஒன்றும் பையில் இருக்கிறது.

நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள் இடமாற்ற விண்ணப்பத்தையும் கையோடு கொண்டு வருகிறார்களோ என்னவோ! அவர்களையும் குறை சொல்ல முடியாது. தங்குவதற்கு ஓர் அறையாவது இருக்கிறதா? கட்டடத்துக்கு நாடா வெட்ட வருகிறவர்கள் முதலில் ஓர் ஆசிரியர் விடுதி கட்டித் தரட்டும். அதுவரை ஆறு மணிக்கு இன்னொரு பஸ்ஸாவது விடட்டும்.

- தாய் ஒருவர்,
பொகவந்தலாவ.