கடைசி செமஸ்டருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்த செமஸ்டரோடு பணி ஓய்வு பெறுகிறேன். விழா மேடையில் மைக்கைப் பிடித்ததும் பாதிப் பேரின் பெயர் விட்டுப்போனது. அதனால்தான் இந்த மடல்.

ஓய்வுபெறப் போகிறவரிடம் ‘நீங்க சிரமப்படாதீங்க சார்’ என்று சொல்லியே பாடவேளையைக் குறைத்துவிடுவார்கள். மரியாதைதான். ஆனால் ஆளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற மரியாதை. எங்கள் துறைத்தலைவர் அப்படிச் செய்யாமல் முதலாண்டு வேதியியல் லேப்பை என்னிடமே விட்டுவைத்தார். முதல் நன்றி அவருக்கு.

அடுத்தது எங்கள் லேப் உதவியாளருக்கு. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் வடிகட்டிப் பழுப்பு பாட்டிலில் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார். அடர்நிறக் கரைசல் என்பதால் பியூரெட்டில் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும், அளவுக்கோடிட்ட கண்ணாடிக்குழாய்) அதன் மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். கண்புரை வந்த எனக்கு அந்த விளிம்பே மசமசவென்றிருந்தது. ஒருநாள் பார்த்தால் எல்லா பியூரெட்டுகளுக்கும் பின்னால் வெள்ளை அட்டை! ‘பசங்களுக்கு வசதியா இருக்கும்னு வச்சேன் சார்’ என்றார். யாருக்காக வைத்தார் என்பது இருவருக்குமே தெரியும்.

பக்கத்து அறை இளம் பேராசிரியர் என் ஸ்லைடுகளைச் சத்தமில்லாமல் புதுப்பித்துக் கொடுத்தார். பொருளின் அளவைச் சொல்லும் அலகான மோலுக்கு 12 கிராம் கார்பன்-12 என்று விளக்கம் சொல்லிப் பழகிய தலைமுறை நான். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ துகள்கள் என்ற எண்ணே அதன் வரையறை. ‘எண்ணிக்கைன்னு சொல்லிட்டா குழப்பமே இல்லை சார்’ என்று அவர் ஒரே வரியில் முடித்தது, நான் முக்கால் மணி நேரம் நடத்துகிற பாடத்தைவிடத் தெளிவு.

அலுவலகத்து அம்மா என் பணிப்பதிவேட்டைத் தூசி தட்டி, விடுபட்ட கையெழுத்துகளை ஆள் தேடி வாங்கினார். பாக்கி ஏதுமில்லை என்று காட்டும் ‘நோ டியூஸ்’ படிவத்துக்காக நூலகத்துக்கும் ஸ்டோருக்கும் அலைந்ததும் அவரே. அந்தப் படிவத்தை அடுத்த பிறவியிலும் பார்க்க எனக்கு ஆசையில்லை.

முதலாண்டுப் பிள்ளைகளே, சோதனை முடிந்ததற்கு அடையாளமாகக் கடைசிச் சொட்டில் வந்த வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிற்கிறதா என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தீர்களே, அந்த அக்கறைக்கு நன்றி. ரெக்கார்டில் இன்னும் கையெழுத்து வாங்காதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள். அதுவரை நான் பணியில்தான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியர்