ஷெஃபீல்டிலிருந்து அப்பாவுக்கு

ஷெஃபீல்ட்,
ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்கள், அம்மா, பாப்பா, அப்பத்தா எல்லோரும் நலமா?

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் பட்டறை கரண்ட் பில். மீதி அரைப் பக்கத்தில், "பக்கத்து வீட்டில் ராத்திரியெல்லாம் பாட்டு போடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாமே, யார் அது, தூங்க விடுகிறார்களா" என்று கேட்டிருந்தீர்கள். போனில் கத்தி உங்களுக்குப் புரியவைப்பதற்குள் விடிந்துவிடும். காதுக்கு மெஷின் வாங்கலாம் என்றாலும் கேட்கமாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

தொந்தரவெல்லாம் இல்லை. இங்கே வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா, தனியாக. எழுபதை நெருங்குகிறார். ஸ்டீல் மில்லில் இருந்து ரிடையர் ஆனவர். தோள்வரை நரைமுடி, இந்தக் குளிரிலும் கையில்லாத கறுப்பு பனியன். அதில் ஏதோ ஒரு கச்சேரியின் பெயர் பாதி அழிந்து கிடக்கும். தெருவில் பனி உறைந்தால் எனக்கும் சேர்த்து வாசலில் உப்பு போட்டுவிடுவார். எங்கள் தெரு மருதமலை ரோடு மாதிரி செங்குத்து. உப்பு போடாவிட்டால் நேராகக் கீழே போய்த்தான் நிற்க வேண்டும்.

அவர் போடுவதெல்லாம் டெஃப் லெப்பர்ட் என்ற இந்த ஊர் ராக் பேண்டின் பாட்டுதான். 1977ல் ஷெஃபீல்டில் பையன்களாகச் சேர்ந்து ஆரம்பித்தார்கள். ஒரு பழைய ஸ்பூன் ஃபேக்டரியில் இடம் பிடித்துப் பழகினார்களாம். உங்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று சொல்கிறேன்: அவர்களுடைய கிட்டார்க்காரர் ஸ்டீவ் கிளார்க், கிட்டாரையே பிழைப்பாக்கிக்கொள்ளும் முன் நம் பட்டறை மாதிரி லேத் ஓட்டியவர். பாவம், 1991லேயே இறந்துவிட்டார். 1987ல் வந்த 'ஹிஸ்டீரியா' என்ற ஆல்பம் உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல் விற்றது. அந்தக் காலத்தில் முடியை ஸ்ப்ரே அடித்து ஊதிவிட்டுக்கொண்டு, இறுக்கமான பேன்ட் போட்டு ஆடிய பேண்டுகளை ஹேர் மெட்டல் என்பார்கள். அந்தப் பெயரைத் தாத்தா முன்னால் சொல்லக் கூடாது, முகம் சிவந்துவிடும். "அது அமெரிக்காக்காரன் சமாச்சாரம், இவர்கள் ஷெஃபீல்ட்" என்பார். பழைய போட்டோவைப் பார்த்தால் முடி என்னவோ எல்லார் தலையிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

90களில் கிழிந்த சட்டை போட்ட வேறு பையன்கள் வந்து இந்த மாதிரி பேண்டுகளை ஒரேயடியாக ஓரங்கட்டிவிட்டார்கள். நிறையப் பேர் காணாமலே போனார்கள். இவர்கள் போகவில்லை. 2015க்குப் பிறகு ஏழு வருடம் புது ஆல்பம் இல்லாமல் இருந்து, 2022 மே மாதம் 'டயமண்ட் ஸ்டார் ஹேலோஸ்' என்று ஒன்று போட்டார்கள். சுவர் வழியாக எனக்கு அதிகம் வருவது அதுதான். அந்தப் பெயரே 1971ல் வந்த, டி. ரெக்ஸ் என்ற பேண்டின் பாட்டு வரியிலிருந்து எடுத்ததாம். பையன்களாக இருந்தபோது ரேடியோவில் கேட்டு மயங்கிய பாட்டுகளுக்கு, அறுபது வயதில் மரியாதை செய்திருக்கிறார்கள். தாத்தாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது, அதே ரேடியோ. அதனால்தான் இவ்வளவு சத்தமாக வைக்கிறார் என்று நினைக்கிறேன்.

நான் கேட்டவரை, நன்றாகவே இருக்கிறது. கோரஸை அடுக்கடுக்காக ஏற்றிப் பாடுகிற பழைய வித்தை இன்னும் கையில் இருக்கிறது. அலிசன் க்ராஸ் என்று ஓர் அமெரிக்க அம்மா, கிராமத்துப் பாட்டுக்குப் பேர்போனவர், இரண்டு பாட்டில் கூடப் பாடுகிறார். பாடகர் டேவிட் போவிக்கு பியானோ வாசித்த மைக் கார்சன் இரண்டில் வாசித்திருக்கிறார். அந்த இரண்டும் மெதுவான பாட்டுகள், ராத்திரிக்கு ஆகாது. மொத்தம் 15 பாட்டு, ஒரு மணி நேரம். நாலைக் கழித்திருந்தால் இன்னும் கச்சிதமாக இருந்திருக்கும் என்று தாத்தாவிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே வந்து, மூன்றைக் கழிக்கலாம் என்றார்.

இதை அவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து செய்யவில்லை. கொரோனா சமயம். பாடகர் ஜோ எலியட் அயர்லாந்தில், கிட்டார்க்காரர்கள் இரண்டு பேரும் டிரம்மரும் அமெரிக்காவில், பேஸ் கிட்டார் வாசிக்கிற ரிக் சாவேஜ் இங்கிலாந்தில். அவரவர் வீட்டில் வாசித்து ஃபைலை அனுப்ப, அடுத்தவர் அதன்மேல் வாசித்து அனுப்ப, அப்படியே சேர்த்திருக்கிறார்கள். கேட்டால் தெரியவே தெரியாது.

டிரம்மரைப் பற்றி மேஸ்திரியிடம் அவசியம் சொல்லுங்கள். பெயர் ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31, ஷெஃபீல்டுக்கு வெளியே ஏ57 ரோட்டில் கார் விபத்து. இடது கை போய்விட்டது. 21 வயது. பேண்ட் வேறு ஆளைத் தேடவில்லை. இடது கை அடிக்க வேண்டியதை இடது கால் அடிக்கும்படி, வரிசையாக மிதிகள் வைத்து எலக்ட்ரானிக் டிரம் செட் செய்துகொண்டார். மிதித்தால் சிக்னல் போய் அந்தந்த டிரம்மின் சத்தம் வரும். 1986ல் டோனிங்டன் மைதானத்தில் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார். இன்றைக்கும் அவர்தான். நம் பட்டறை பிரஸ் மெஷினில் மேஸ்திரிக்கு விரல் போனபோது, நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாக கால் சுவிட்ச் மாட்டிக் கொடுத்தீர்களே, தாத்தாவிடம் அதைச் சொன்னேன். எழுந்து நின்று, "உன் அப்பாவிடம் கை கொடுத்ததாகச் சொல்" என்றார். சொல்லிவிட்டேன்.

போன வருடம் மே மாதம் இங்கே பிரமால் லேன் ஃபுட்பால் மைதானத்தில் அவர்களுடைய கச்சேரி நடந்தது. நான் உள்ளே போகவில்லை. அவ்வளவு கூட்டம் எனக்கு ஆகாது, வெளியே ரோட்டில் நின்றாலே நன்றாகக் கேட்டது. அப்படி நிறையப் பேர் நின்றிருந்தார்கள்.

சாப்பாடு பற்றி அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பிரமாதமாகச் சாப்பிடுகிறேன். ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் என்று இந்த ஊர் சாஸ் ஒன்று, ஆரஞ்சு லேபிள் ஒட்டிய பாட்டில். தாத்தா எல்லாவற்றின் மேலும் ஊற்றுவார், எனக்கும் ஒன்று கொடுத்தார். பின்பக்கம் படித்தால் புளி, கிராம்பு, பூண்டு எண்ணெய்! மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, இதில் கொஞ்சம் ஊற்றி ரசம் வைத்தேன். அம்மா கேட்டால் வருத்தப்படுவாள், ஆனால் குடிக்கிற மாதிரி இருந்தது. வாரத்தில் பாதி நாள் ரசம்தான், வயிற்றுக்கு லேசாக இருக்கிறது. ஹீட்டர் நான் அதிகம் போடுவதில்லை, தோல் வறண்டுவிடும். ராத்திரி ஷிஃப்டையும் நானேதான் கேட்டு வாங்கினேன். அங்கே கதகதப்பாக இருக்கும்.

பொங்கலன்று லீவு இல்லை. காலையில் வேலை முடிந்து வந்து படுத்தேன். அன்றைக்கென்று தாத்தா மகள் வீட்டுக்குப் போயிருந்தார், சுவரில் ஒரு சத்தமும் இல்லை. தூக்கமே வரவில்லை, அப்பா. கோவை கணபதியில் நம் வீட்டில் தூங்கும்போது கீழே லேத் ஓடிக்கொண்டே இருக்கும், சக் நிற்கும்போதுதான் விழித்துக்கொள்வேன். அம்மா பால் பொங்குகிற போட்டோ அனுப்பியிருந்தாள். அதில் நீங்கள் இல்லை. எங்கே போனீர்கள்? பட்டறையிலா? அன்றைக்குமா? வரவேண்டும் போல இருந்தது. சரி, அதை விடுங்கள்.

பெரிய லேத்தை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிட்கோக்காரர் சொல்கிற விலை இரும்பு விலை. பெட் தேயவில்லை, ஸ்பிண்டில் பேரிங் மட்டும்தான் போயிருக்கிறது. அதை மாற்றினால் பம்ப் ஷாஃப்ட் ஜாப் ஒர்க் பிடித்து இன்னும் பத்து வருடம் ஓட்டலாம். பேரிங் நம்பரை மேஸ்திரியிடம் கேட்டு எழுதுங்கள். பாப்பா கல்யாணத்துக்கு நான் தருவதாகச் சொன்னதைத் தருவேன். இந்த மாதம் மட்டும் பதினைந்து தேதிக்கு மேல் ஆகும், சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள். அதற்காக அன்னூர் சித்தப்பாவிடம் கை நீட்ட வேண்டாம். அவர் கொடுப்பார், அப்புறம் கிணற்றுப் பாத்தியதையில் கையெழுத்து கேட்பார். ஏற்கெனவே ஏதாவது பேப்பரை நீட்டியிருந்தால், படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து போட்டுவிடாதீர்கள். பட்டா நகலும் 2011 அளவை வரைபடமும் பீரோவில் அம்மா பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. பாப்பாவை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சர்வே நம்பரில் ஒரு உட்பிரிவு விட்டுப்போயிருக்கிறதோ என்று சந்தேகம்.

மாப்பிள்ளை வீட்டார் தை கடைசியில் வருவதாகச் சொன்னார்களே, தேதி முடிவானதா? அத்தையை நேரில் போய்க் கூப்பிடுங்கள். போனில் சொன்னால் போன தடவை மாதிரிதான் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: அப்பத்தாவின் கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும். அதே சீட்டைக் காட்டி வாங்காமல், ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.