ஆஸ்துமா விழிப்புணர்வு நாளை அரசு நாளாக அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மே மாத முதல் செவ்வாய்க்கிழமையை ஆஸ்துமா, ஒவ்வாமை விழிப்புணர்வு நாளாக அரசாணை வழி அறிவித்தல், பள்ளிகளில் அதனை ஜூன் மாதத்தில் கடைப்பிடித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஓட்டப் பயிற்சியின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொண்டவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மைதானத்தில் மூச்சுவிட முடியாமல் தவித்த அன்றுதான், அவளுக்குச் சிறு வயது முதலே வீசிங் உண்டு என்பதும், அவளுடைய இன்ஹேலர் வீட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரியவந்தன. ஆட்டோவில் ஏற்றிச் சென்று நெபுலைசர் வைத்த பிறகே அவள் தேறினாள். "வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண் கேட்டு யார் வருவார்கள், சார்?" என்று அவளுடைய தாய் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்ஹேலர் என்பது கடைசிக் கட்ட மருந்து, பிடித்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்ற அச்சம் படித்தவர்களிடமும் இருக்கிறது. உண்மையில், சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்க, அதே மருந்து இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்குதான் இருக்கிறது; நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்வதால் அதுவே போதுமானதாகிறது. மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி எடுக்காமல், இளைப்பு வரும்போது மட்டும் உடனடி நிவாரணத்தைத் தேடுவதால் ஆபத்து கூடுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4.55 லட்சம் பேர் ஆஸ்துமாவால் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

1998 முதல் உலக ஆஸ்துமா நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது; இப்போது அது மே மாத முதல் செவ்வாயன்று வருகிறது. எங்கள் பகுதியில் அது சில மருத்துவமனைகளின் பதாகைகளோடு முடிந்துவிடுகிறது. போலியோ சொட்டு மருந்து நாள் என்றால் எழுத்தறியாத பாட்டியும் பேரனைத் தூக்கிக்கொண்டு வருவதற்குக் காரணம், அரசு அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டதுதான். அரசே பெயர் சொல்லிப் பேசும் நோயை மறைக்க வேண்டிய தேவை குடும்பங்களுக்குக் குறையும் என்று நம்புகிறேன்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மே மாதத்தில் நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. ஆகவே, மே முதல் செவ்வாயன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்ஹேலரையும், அதனுடன் பொருத்தி மருந்தை எளிதாக உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர் குழாயையும் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டவும், பள்ளிக் கல்வித் துறையுடன் இணைந்து ஜூன் மாதத்தில், பள்ளிகள் திறந்தவுடன், ஒரு வாரத்தை மாணவர்களுக்கென ஒதுக்கவும் வேண்டுகிறேன். அந்த வாரத்தில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளிப்பதும், மாணவர்கள் தங்கள் இன்ஹேலரைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்து மூலம் அறிவிப்பதும் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. தலைமை ஆசிரியர் அறையில் பூட்டி வைத்த இன்ஹேலர் மைதானத்தில் திணறும் பிள்ளைக்கு உதவாது. வேர்க்கடலை, முட்டை, இறால் போன்றவற்றால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் விவரத்தைச் சத்துணவு அமைப்பாளரிடம் தெரிவிக்கும் வழக்கத்தையும் அப்போதே தொடங்கலாம். தீபாவளிக்கும் போகிக்கும் முன்பாகப் புகை குறித்த எச்சரிக்கையில் ஆஸ்துமா நோயாளிகளுக்கென ஓரிரு வரிகள் சேர்த்தால் போதும்.

இதற்குப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ தேவைப்படாது என்பதைக் கருத்தில் கொண்டு, வரும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)