இரண்டு தடவைக்குப் பூட்டுப் போடுங்கள்: ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 159 பேருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். போன கிழமை கிளிநொச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் பக்கத்து மேசைக்காரர் சொன்னார்: "ஜனாதிபதி அனுரவுக்கு அஞ்சு வருசம் காணாது, பத்தும் காணாது, ஒரு இருபது வருசம் விட்டால்தான் நாடு திருந்தும்." நல்ல மனிதர்தான், நாடு உருப்பட வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறார். ஆனால் இதே வசனத்தை 2010இல் வேறு பெயர் போட்டுக் கேட்டவன் நான், அதனால்தான் கையோடு இதை எழுதுகிறேன்.

2010இல் அரசியலமைப்பின் 18ஆம் திருத்தம் வந்த விதத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவசரச் சட்டமூலம், ஆதரவாக 161, எதிராக 17, செப்டெம்பர் 8ஆம் திகதியோடு "ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதியாகலாம்" என்பது போய்விட்டது. சர்வஜன வாக்கெடுப்பு தேவையில்லை என்று உயர் நீதிமன்றமும் சொல்லியிருந்தது. உங்கள் ஜேவிபி அன்று எதிர்த்தது, அதை நான் மறக்கவில்லை. 2015இல் 19ஆம் திருத்தம் அந்த வரம்பைத் திருப்பிக் கொண்டுவந்தது, சரி, ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் பூட்டாமல் போய்விட்டார்கள். இன்றைக்கும் மூன்றில் இரண்டு வைத்திருப்பவர் தள்ளினால் திறக்கும். 150 பேர் போதும், நீங்கள் 159.

கேட்பது ஒன்றுதான். மக்களால் இரண்டு தடவை ஜனாதிபதியாகத் தெரிவானவர் மறுபடி தெரிவாக முடியாது என்கிற அரசியலமைப்பின் 31(2)ஐ, மக்களைக் கேட்காமல் கைவைக்க முடியாதபடி 83ஆம் உறுப்புரைக்குள் சேர்த்துவிடுங்கள். அதைச் சேர்க்கவே சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று தெரியும். வையுங்கள். இந்த நாடு இதுவரை கண்ட ஒரே சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசம்பரில், அதுவும் தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருசம் நீட்டுவதற்கு. கதிரையை நீட்ட எங்களைக் கேட்டவர்கள், ஒரு தடவை அதன் காலை அளந்து வெட்டவும் கேட்கட்டுமே.

இதில் உனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். என் பெரியம்மாவிடம் ஒரு துணிக்கடைப் பை இருக்கிறது. 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு வராத மகனைப் பற்றி அவர் நிரப்பிக் கொடுத்த போம்களின் கொப்பி எல்லாம் அதற்குள். அவற்றுக்கு அவர் திகதி சொல்வதில்லை, அந்தந்த நேரத்து ஜனாதிபதியின் பெயர்தான்: மகிந்த போம், மைத்திரி போம், கோட்டா போம், ரணில் போம் என்பார். ஆள் மாறினால் போமும் மாறும், கேள்வி மாறாது: கடைசியாக எங்கே கண்டீர்கள், என்ன உடுப்பு. அசல் போட்டோவை முதல் முறை விசாரிக்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. பிறகு கொப்பியிலிருந்து கொப்பி, அதிலிருந்து இன்னொரு கொப்பி. இப்போது அந்தக் கடதாசியில் கழுத்துப்பட்டியும் ஒரு காதும் தெரிகிறது, முகம் இருந்த இடம் கறுப்பு. போன மாதம் ஒரு அலுவலகத்தில் இருந்து வந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் தெளிவான படம் இல்லையா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்லி என்ன.

அப்படியென்றால் ஒரே ஆள் நீண்ட காலம் இருப்பதுதானே நல்லது, போம் மாறாதே என்று அந்தப் பக்கத்து மேசைக்காரர் கேட்கலாம். மகிந்த ஒன்பது வருசத்துக்கு மேல் இருந்தார். அதில் கடைசி நாலு வருசத்துக்கு மேல் வரம்பே இல்லை, வேண்டுமட்டும் நிற்கலாம். அந்த நாலு வருசத்தில் பெரியம்மாவுக்கு என்ன பதில் கிடைத்தது? போகத் தேவையில்லாதவருக்குப் பதில் சொல்லவும் தேவையில்லை. மூன்றாம் தடவை நிற்கலாமா என்று 2014இல் நீதிமன்றத்தைக் கேட்டு, நிற்கலாம் என்றதும் நின்று, 2015 ஜனவரியில் தோற்றார். நாங்கள் விடிய எழும்பி வரிசையில் நின்று போட்ட வாக்கும் அதில் இருந்தது.

அந்தக் கதிரையில் இருந்தால் நாட்காட்டி மங்கலாகத்தான் தெரியும் போலிருக்கிறது. சந்திரிகா 2006 வரை தனக்கு உண்டு என்றிருந்தார், 2005 டிசம்பரோடு சரி என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மைத்திரியோ ஐந்து வருசம் என்ற திருத்தத்தைத் தானே கொண்டுவந்துவிட்டு, 2018இல் தனக்கு ஆறு உண்டா என்று கேட்டுப் பார்த்தார்! மக்களைக் கேட்காமல் ஜனாதிபதியின் காலத்தை நீட்டக்கூடிய எல்லை 83இல் இன்னும் "ஆறு ஆண்டு" என்றே கிடக்கிறது. அதை ஐந்தாக்க 2024இல் வந்த சட்டமூலம் வர்த்தமானியோடு நின்றுவிட்டது. இவ்வளவு படித்தவர்கள் இருக்கும் சபையில் ஐந்தையும் ஆறையும் பிரித்துச் சொல்ல ஆளில்லையா என்ன.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்போம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், ஒழித்தால் சந்தோஷம். ஆனால் அந்த வாக்குறுதியை நாங்கள் 1994 முதல் கேட்டு வருகிறோம். ஒழிக்கும் வரைக்காவது 31(2)க்குப் பூட்டுப் போடுங்கள், சாவி எங்களிடம் இருக்கட்டும். பலம் இருக்கும்போதே செய்யுங்கள் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் எழுதுவதானால் தமிழில் எழுதுங்கள். போன தடவை வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி நான் பெரியம்மாவோடு இரண்டு நாள் அலைந்தேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சி வாக்காளர் ஒருவர்