பழைய பிக்கப்பில் புது ஆல்டர்னேட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளச்சலில் இருந்து மீன் லோடு அடிக்கும் என் பழைய பிக்கப்பில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு போன மாதம் 65 ஆம்பியர் மாட்டினேன். மாட்டிக் கொடுத்தவர் பழைய வயரிலேயே இணைத்துவிட்டார். ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு தக்கலை தாண்டுவதற்குள் டேஷ்போர்டுக்குள் கருகிய வாடை. திறந்து பார்த்தால் கரண்டை அளந்து காட்டும் ஆம்மீட்டருக்குப் போகும் வயர் உருகிக் கிடக்கிறது. இந்த வண்டியில் சார்ஜ் கரண்ட் மொத்தமும் அந்த மீட்டர் வழியாகத்தான் போகும், பாவம் அது எவ்வளவுதான் தாங்கும்?

அப்புறம் நானே உட்கார்ந்தேன். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். புது ஆல்டர்னேட்டரில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் வெளியே இருந்த பழையதை எடுத்துவிட்டு, கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் முனையில் இருந்து 16 சதுர மில்லிமீட்டர் கேபிளை 80 ஆம்பியர் பியூஸ் வைத்து நேரே பேட்டரிக்கு இழுத்தேன். டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் விளக்குக்கு மட்டும் எல்.இ.டி. போட்டுவிடாதீர்கள், சாவியைத் திருப்பியதும் அந்தக் குண்டு பல்பு வழியாகப் போகும் கொஞ்சம் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. எர்த் முனை கடல்காற்றில் பச்சை பூத்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்தேன் (உப்பை உப்புத்தாளால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது!). இப்போது இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் காட்டுகிறது, சார்ஜ் சரியாக ஏறுகிறது.

நாகர்கோவில் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் இந்த வயரிங் வேலைக்கென்று ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்தால், பழைய வண்டியை வைத்துப் பிழைக்கும் எங்களைப் போன்றவர்கள் வண்டியோடு வந்து நிற்போம்.

ஒரு வாசகர்,
குளச்சல்